எந்த வருடத்தில் ஆடினாள்? விக்டோரியா காலத்து மனைவியும் நடனமும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட சரித்திரக் காதல் கதைகளில் ஒரு கதைக்கு எப்போதும் வாசகர்கள் உண்டு. பெரிய வீடு, வேலைக்காரர்கள், அதிகம் பேசாத கணவன். மனைவிக்குக் குறையென்று வெளியே சொல்ல எதுவும் இருக்காது, தனக்கென்று சொந்தமாகவும் எதுவும் இருக்காது. எப்படியோ ஒரு நடன ஆசிரியரிடம் போய்ச் சேருகிறாள். ஆட ஆட, தன் உடம்பு தன்னுடையதுதான் என்ற நினைப்பு அவளுக்குள் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

இந்த வகைக் கதைகளை நான் விரும்பிப் படிப்பவன். படிக்கும்போது முதலில் தேடுவது கதை நடக்கும் வருடத்தை. விக்டோரியா 1837 முதல் 1901 வரை அரசியாக இருந்தார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த ஆட்சியில் ஒரு மனைவியின் நிலைமை தலைகீழாக மாறியது. 1845இல் வாசலைத் தாண்டியவளுக்கும் 1890இல் தாண்டியவளுக்கும் இடையே பெரிய தூரம். ஆடிய ஆட்டம் ஒன்றாகவே இருக்கலாம். ஆடிச் சம்பாதித்த காசு யார் கைக்குப் போகும் என்பதுதான் அவள் விடுதலையை முடிவு செய்தது. நாவலாசிரியர்கள் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால் கதை இன்னும் கனமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் கவர்ச்சர் என்றொரு கோட்பாடு இருந்தது. திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் ஆகிறார்கள், அந்த ஒரே ஆள் கணவன். 1765இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞரின் சட்ட விளக்க நூல் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. மனைவியின் பணம், நகை, மேசை நாற்காலி எல்லாம் கல்யாணத்தோடு கணவனுக்குப் போய்விடும். நிலம் இருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, ஆனால் அதன் வருமானம் அவனுடையது. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது, அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் அந்தச் சம்பளமும் அவனுக்கே. பணக்காரக் குடும்பங்கள் இதைச் சுற்றிப் போக ஒரு வழி வைத்திருந்தன. மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு டிரஸ்ட் எழுதி, சொத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லாத வீடுகளில் அது ஏது?

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. தகப்பனுக்கே முழு உரிமை. கரோலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836இல் கணவனைப் பிரிந்தார். அடி உதை நிறைந்த வாழ்க்கை அது. கணவன் ஜார்ஜ் நார்ட்டன் மூன்று மகன்களையும் கொண்டு போய்விட்டான், அவரால் பார்க்கக்கூட முடியவில்லை. ஓயாமல் எழுதிப் போராடி, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டு மனுப் போடலாம் என்ற 1839ஆம் ஆண்டுச் சட்டம் வர அவர் காரணமானார். அதற்குப் பிறகும் அவர் புத்தகம் எழுதிச் சம்பாதித்த பணத்துக்குக் கணவன் உரிமை கோரினான், 1853இல் இது நீதிமன்றம் வரை வந்தது. பேனாவுக்கே இந்தக் கதி என்றால் காலில் சலங்கையோ சாட்டின் செருப்போ கட்டி ஆடியவளுக்கு என்ன கதி என்று யோசித்துக் கொள்ளலாம்.

இப்போது நடனக் கூடத்துக்கு வருவோம். வால்ட்ஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. ஜோடியாக ஆடுபவர்கள் முகத்துக்கு முகம் நெருங்கி நின்று, ஆண் பெண்ணின் இடுப்பில் கை வைத்துச் சுற்றுவது அதுவரை பெரிய வீட்டுக் கூடங்களில் இல்லாத பழக்கம். 1816 ஜூலையில் மன்னனுக்குப் பதிலாக ஆண்ட இளவரசப் பிரதிநிதி கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் இடம்பெற்றதும், டைம்ஸ் பத்திரிகை அதை வெளிநாட்டிலிருந்து வந்த ஆபாசம் என்று கண்டித்துத் தலையங்கம் எழுதியது. பெற்றோர்கள் தங்கள் பெண்களைக் காப்பாற்றிக் கொள்ளட்டும் என்ற தோரணையில் இருந்தது அது. விக்டோரியா அரசியானபோது அந்தக் கூச்சல் அடங்கியிருந்தது. நடனம் என்றால் அரசிக்கே கொள்ளை ஆசை. 1844இல் பொஹீமியாவிலிருந்து பாரிஸ் வழியாக லண்டனுக்கு வந்த போல்கா என்ற துள்ளல் நடனம் ஊரையே பைத்தியமாக அடித்தது.

சரி, இதில் மனைவிக்கு என்ன இடம்? பணக்கார வீட்டு நடன விருந்துகளில் கல்யாணமான பெண்களில் பலர் சுவரோரம் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து, கல்யாணமாகாத பெண்களுக்குக் காவல் இருந்தார்கள். இளம் மனைவிகள் ஆடினார்கள், ஆனால் கணவனோடு ஆடுவதை மரியாதை நூல்கள் விரும்பவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் கணவனும் மனைவியும் தங்களுக்குள்ளேயே ஆடிக் கொண்டிருப்பது மற்றவர்களை மதிக்காத செயல் என்று எழுதினார்கள். அதனால் அவள் பிற ஆண்களோடு ஆட வேண்டும். அதுதான் ஒழுங்கு!

அவள் மணிக்கட்டில் பட்டு நூலில் ஒரு சின்ன அட்டை தொங்கும், கூடவே விரல் நீளத்தில் ஒரு பென்சில். அட்டையில் அன்றைய நடனங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும். குவாட்ரில், வால்ட்ஸ், போல்கா, லான்சர்ஸ், கேலப் என்று இருபதைத் தாண்டும் பட்டியல்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. ஆட விரும்பும் ஆண் வந்து கேட்டு அந்தக் கோட்டில் தன் பெயரை எழுதுவான். ஒருவனை மறுத்தால் அந்த நடனம் முழுவதும் அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டும், அடுத்து கேட்பவனோடு எழுந்து ஆடினால் முதலாமவனை அவமதித்ததாகும். இருவர் கையிலும் வெள்ளைத் தோல் கையுறை கட்டாயம். வெறும் விரல் வெறும் விரலைத் தொடக் கூடாது. மறுநாள் தெருவில் அதே ஆள் எதிரே வந்தால், அவள் முதலில் தலையசைத்தால்தான் அவன் தொப்பியைத் தூக்கலாம். அவள் தெரியாதவள்போல் நடந்து போனால் முந்தைய இரவின் பழக்கம் அதோடு முடிந்தது. இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த மனைவியின் வாழ்க்கையில் ஆம், இல்லை என்று அவளே முடிவு செய்த அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திமிங்கில எலும்போ எஃகோ வைத்த கார்செட் விலாவை இறுக்கிப் பிடித்திருக்கும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். அதோடு வால்ட்ஸ் சுற்றுவது லேசான காரியம் இல்லை. பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சுமந்த பெண்களுக்கு 1856 வாக்கில் வந்த எஃகு வளையக் கிரினோலின் என்ற உள்பாவாடை ஒருவகையில் வரமாக இருந்தது. கூண்டு மாதிரி இருந்தாலும் எடை குறைந்தது, கால் தாராளமாக அசைந்தது. ஆனால் அகலமான, மெல்லிய துணிகள் திறந்த நெருப்பின் பக்கம் போனால் அவ்வளவுதான். 1871இல் அயர்லாந்தின் மோனகன் மாவட்டத்தில் ஒரு நடன விருந்தில், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தகப்பன்வழிச் சகோதரிகள் இருவர் இப்படித் தீப்பற்றி இறந்து போனார்கள். ஒருத்தியின் உடையில் பற்றிய தீயை அணைக்க ஓடிய மற்றவளும் தப்பவில்லை.

நடன விருந்து அவளுக்குக் கொடுத்தது ஒரு இரவு. விடிந்தால் அதே வீடு, அதே கணவன், அதே சட்டம். கூடத்துக்கு வெளியே ஆடும் இடங்கள் இருந்தன. செல்சீயில் தேம்ஸ் ஓரத்து கிரெமோர்ன் தோட்டத்தில் நட்ட நடுவே நடன மேடை போட்டு இரவெல்லாம் ஆடினார்கள், 1877இல் மூடும் வரை. ஹேமார்க்கெட் பக்கம் ஆர்கைல் ரூம்ஸ் இருந்தது. அங்கே கால் வைத்த குடும்பப் பெண்ணின் பெயர் மறுநாள் ஊரில் நிற்காது. பாக்கி இருந்தது மேடை. அதில் ஏறிய ஒரு மனைவியின் உண்மைக் கதை எந்த நாவலையும் விஞ்சக்கூடியது.

எலைசா கில்பர்ட் 1821இல் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்தவள். தகப்பன் ராணுவத்தில் இளநிலை அதிகாரி. இரண்டு வயதில் இந்தியாவுக்கு வந்தாள். வந்த கையோடு பாட்னாவை அடுத்த தானாபூரில் தகப்பன் காலராவில் இறந்தான், தாய் இன்னொரு அதிகாரியை மணந்தாள். பிள்ளையை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி வைத்தார்கள், பிறகு பாத் நகரத்துப் பள்ளிக்கு. வயதான ஒரு ராணுவ அதிகாரிக்குக் கட்டிவைக்கத் தாய் ஏற்பாடு செய்ததும், 1837இல் பதினாறு வயது எலைசா தாமஸ் ஜேம்ஸ் என்ற லெப்டினன்டோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே வருடம். கணவனோடு மீண்டும் இந்தியா வந்தாள், சேர்ந்து வாழ முடியவில்லை. தனியாகக் கப்பலேறித் திரும்பும் வழியில் இன்னொரு இளம் அதிகாரியோடு நெருக்கமானாள். கப்பலில் எல்லோர் கண்ணும் அவர்கள் மேல்தான் இருந்தது.

1842 டிசம்பரில் லண்டன் திருச்சபை நீதிமன்றம் கணவன் மனைவியைப் பிரித்து வைத்தது. இந்தப் பிரிவினையின் தன்மையைக் கவனிக்க வேண்டும். படுக்கையிலிருந்தும் பந்தியிலிருந்தும் பிரித்தார்கள், திருமண பந்தம் அப்படியே இருந்தது. ஒருவர் உயிரோடு இருக்கும் வரை மற்றவர் மறுமணம் செய்ய முடியாது. முழு விவாகரத்து வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், அதற்கான செலவு சாதாரண ஆட்களுக்குக் கனவிலும் கட்டாது. ஆக இருபத்தொரு வயது எலைசா மனைவியாகவும் இல்லை, மனைவி இல்லாதவளாகவும் இல்லை. கையில் காசும் இல்லை, பெயரும் கெட்டுவிட்டது. நல்ல பெயர் உள்ளவளுக்கே ஆசிரியைப் பணியும் தையலும்தான் வழி. பெயர் போனவளுக்கு அதுவும் இல்லை. அவள் ஸ்பானிய நடனம் கற்றுக்கொள்ளப் போனாள்.

1843 ஜூன் 3ஆம் தேதி லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில், ஒரு இசை நாடகத்தின் இரண்டு காட்சிகளுக்கு இடையே, லோலா மாண்டெஸ் என்ற பெயரில் மேடையேறினாள். செவில் நகரத்திலிருந்து வந்த ஸ்பானியப் பெண் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் சிலருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. இவள் திருமதி ஜேம்ஸ் ஆயிற்றே என்று பேச்சுப் பரவியது. அந்தத் தியேட்டரில் அவள் மறுபடி ஆடவில்லை. தான் ஸ்பானியப் பெண்தான் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பார்த்தாள், எடுபடவில்லை. ஐரோப்பாவுக்குக் கிளம்பினாள். பெர்லின், வார்சா, பாரிஸ், 1846இல் மியூனிக். பவேரிய மன்னன் முதலாம் லுட்விக் அவளிடம் மயங்கி, மறு வருடமே லாண்ட்ஸ்பெல்ட் கோமாட்டி என்று பட்டம் கொடுத்தான். அவள் அரசியலில் தலையிட்டது ஊரைக் கொந்தளிக்க வைத்தது. 1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த நேரத்தில் லுட்விக் முடி துறந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் காதல் கதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். 1849இல் லண்டனுக்குத் திரும்பி ஜார்ஜ் டிராஃபோர்டு ஹீல்டு என்ற இளம் அதிகாரியை மணந்தாள். சில வாரங்களில் போலீஸ் வந்து நின்றது. முதல் கணவன் தாமஸ் ஜேம்ஸ் உயிரோடு இருக்கிறான், ஆகவே இருதாரக் குற்றம். ஜாமீனில் வந்தவள் நாட்டை விட்டே போய்விட்டாள். ஒரு மன்னனின் அரியணையை ஆட்டி வைத்த பெண்ணால், ஏழு வருடம் முன்பு ஒரு திருச்சபை நீதிமன்றம் போட்ட நிபந்தனையைத் தாண்ட முடியவில்லை.

அப்புறம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. சிலந்தி நடனம் என்று ஒன்றை ஆடினாள். பாவாடைக்குள் சிலந்திகள் புகுந்துவிட்டதாகப் பாவித்து அவற்றை உதறி உதறி மிதிக்கும் ஆட்டம். தங்கச் சுரங்க ஊர்களில் அதைப் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. 1856இல் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் தன்னைத் தரக்குறைவாக எழுதிய பத்திரிகை ஆசிரியரைச் சாட்டையால் அடித்தாள். கடைசிக் காலத்தில் நடனத்தை விட்டுச் சொற்பொழிவுகள் நடத்திச் சம்பாதித்தாள். 1861 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தபோது நாற்பது வயது நிறையவில்லை. புரூக்லின் கல்லறையில் பொறித்திருப்பது திருமதி எலைசா கில்பர்ட் என்ற பெயர். பிறந்த வீட்டுப் பெயர், முன்னால் ஒரு திருமதி. அவள் தேடிக்கொண்டது சுதந்திரமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு அவள் தன் ஊரையும் பேரையும் விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது, இங்கிலாந்தில் அவளால் அதை வைத்துக் கொள்ள முடியவில்லை.

லோலா லண்டனில் ஆடுவதற்கு ஐந்து வருடம் முன்பே நம் ஊர்ப் பெண்கள் அங்கே ஆடியிருக்கிறார்கள். கடலூர் அருகே திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள், அவர்களோடு ஒரு சிறுமி, இசைக் கலைஞர்கள் என்று ஒரு குழுவை ஒரு பிரெஞ்சு ஏற்பாட்டாளர் புதுச்சேரியிலிருந்து அழைத்துப் போனார். 1838இல் பாரிசில் ஆடிவிட்டு அதே ஆண்டு லண்டன் அடெல்ஃபி தியேட்டருக்கு வந்தார்கள். அவர்களில் அம்மணி என்பவளைப் பார்த்து பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே உருகி எழுதினார், பார் என்ற சிற்பி அவளுக்கு ஒரு வெண்கலச் சிலை செய்தார்.

அடெல்ஃபியில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஆங்கில மனைவியை நினைத்துப் பார்க்கிறேன். மேடையில் ஆடுபவள் யாருக்கும் மனைவி இல்லை. தேவதாசிகளின் மரபில் பெண்கள் சொத்து வைத்துக் கொள்ளலாம், தாயிடமிருந்து மகளுக்குப் போகலாம், பெண் பிள்ளையைத் தத்து எடுக்கலாம். பார்த்துக் கொண்டிருப்பவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. இதை வைத்து தேவதாசி வாழ்க்கையைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. சிறு வயதிலேயே பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் அந்த நூற்றாண்டில் ஒரு பெண்ணுக்குச் சொத்து வேண்டுமா, கௌரவமான மனைவி என்ற பெயர் வேண்டுமா என்ற கேள்வி லண்டனிலும் இருந்தது, தஞ்சாவூரிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க எந்த ஊரும் தயாராக இல்லை. 1890களில் சென்னையில் நாட்டியக் கச்சேரிகளுக்கு எதிரான இயக்கம் கிளம்பியபோது, 1893இல் சீர்திருத்தச் சங்கத்தார் வைஸ்ராய்க்கும் ஆளுநருக்கும் மனுக் கொடுத்தார்கள். அதில் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஒழுக்கப் பார்வைக்கும் பங்கு உண்டு.

லண்டன் மேடைகளில் பாலே ஆடிய பெண்களை வேலை செய்பவர்கள் என்று பார்க்க வேண்டும். 1845 ஜூலையில் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் டாலியோனி, க்ரீசி, செரிட்டோ, கிரான் என்ற நான்கு பெரிய நடனக்காரர்கள் ஒரே மேடையில் ஆடினார்கள். அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் வந்து பார்த்தார்கள். அதற்கு ஏழு மாதம் முன்னால் ட்ரூரி லேன் தியேட்டரில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக்காரியின் மெல்லிய பாவாடையில் மேடை விளக்கின் தீ பற்றி, சில நாட்களில் அவள் இறந்தாள். முன்வரிசைக்கு மலர்க்கொத்து, பின்வரிசைப் பெண்களுக்குச் சொற்பச் சம்பளம், எல்லோருக்கும் கெட்ட பெயர். இந்தக் கெட்ட பெயரை எதிர்த்துப் பேசிய ஒரு பாதிரியாரை மறக்க முடியாது. கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் உதவிப் பாதிரியாக இருந்த ஸ்டூவர்ட் ஹெட்லம், 1877இல் தியேட்டரையும் இசைக் கூடங்களையும் ஆதரித்துப் பேசியதால் வேலையை இழந்தார். 1879இல் திருச்சபையையும் மேடையையும் இணைக்க ஒரு சங்கம் தொடங்கி, நடனப் பெண்களை மரியாதையாக அதில் உட்கார வைத்தார்.

காசு விஷயத்தில் மாற்றம் மெல்ல வந்தது. 1857ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முதல்முறையாக விவாகரத்தை நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தது. அதிலேயே இன்னொரு சின்னப் பிரிவு இருந்தது. கணவன் கைவிட்டுப் போன மனைவி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, தன் சம்பாத்தியத்தை அவனும் அவன் கடன்காரர்களும் தொடாதபடி உத்தரவு வாங்கலாம். ஓடிப்போன புருஷன் சனிக்கிழமை சம்பள நாளில் மட்டும் வந்து நிற்பதைத் தடுக்க அதுதான் முதல் கதவு. ஆனால் அவன் அவளைக் கைவிட்டிருக்க வேண்டும். இவளாக வெளியேறினால் இந்த உதவி கிடையாது.

1870 ஆகஸ்டில் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டத்தைத்தான் நடனக் கதை எழுதுபவர்கள் தலைக்குமேல் ஒட்டி வைத்துக் கொள்ள வேண்டும் என்பேன். மனைவி தனியாகச் செய்யும் தொழிலில் ஈட்டும் கூலி இனி அவளுக்கே சொந்தம் என்றது அது. இலக்கியம், கலை, அறிவியல் திறமையால் ஈட்டும் பணமும் அதில் சேரும் என்று முதல் பிரிவிலேயே எழுதினார்கள். கலைத் திறமை என்றால் நடனமும்தான். அந்த மாதத்துக்கு முன்பு மேடையேறிய மனைவிக்கும் அதற்குப் பின் ஏறிய மனைவிக்கும் இடையே கிழித்த கோடு இது. 1882ஆம் ஆண்டுச் சட்டம், 1883 ஜனவரி முதல், மீதியையும் கொடுத்தது. எல்லாச் சொத்தும் அவளுடையது, தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம், வழக்கும் போடலாம். ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகியைக் கணவன் 1878இல் மனநோய் விடுதியில் அடைக்க ஆள் அனுப்பினான். அவள் தப்பி ஒளிந்தாள். புதுச் சட்டம் வந்ததும் சும்மா இருக்கவில்லை, தன்னை அடைக்க உடந்தையாக இருந்த மருத்துவர்கள் மேல் வரிசையாக வழக்குத் தொடுத்து, கோர்ட்டில் தானே வாதாடினாள்.

இந்தப் பின்னணியில் கேட் வாகன் என்ற நடனக்காரியைப் பார்த்தால் காலம் மாறியது கண்ணுக்குத் தெரியும். 1870களின் பிற்பகுதியில் கெய்ட்டி தியேட்டரில் அவர் ஆடிய பாவாடை நடனம் லண்டனைக் கட்டிப் போட்டது. பாலேயின் குட்டைப் பாவாடையும் விரல் நுனி நடையும் இல்லை. கணுக்கால் வரை நீண்ட பாவாடை, உள்ளே அடுக்கடுக்காக லேஸ், கையில் நீளக் கறுப்புக் கையுறை. துணியைக் கையில் பிடித்து அலைபோல் வீசி ஆடுவது. வீட்டுப் பெண் உடுத்தும் துணியையே அவர் ஆட்டமாக்கியதால், 1880களின் கடைசியிலும் 1890களிலும் பெரிய வீட்டுப் பெண்களே இதைக் கற்றுக்கொள்ள ஆசிரியர் வைத்தார்கள், வரவேற்பறையில் ஆடிக் காட்டினார்கள். கேட் வாகன் 1884இல் வெல்லிங்டன் பிரபுவின் குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் ஃபிரெடரிக் வெல்லஸ்லியை மணந்தார், 1897இல் விவாகரத்து ஆனது. இடையில் அவர் ஈட்டிய பணம் சட்டப்படி அவருடையது. ஒரு தலைமுறைக்கு முன் லோலாவுக்கு இப்படிச் சொல்ல வழியில்லை.

அதே பாவாடை நடனத்தை அமெரிக்காவின் லோயி ஃபுல்லர் மீட்டர் கணக்கில் பட்டுத் துணியும் வண்ண மின்விளக்குகளுமாக வளர்த்து, 1892இல் பாரிசை வென்றார். தான் மணந்த கர்னலுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்து அவன் மேல் வழக்குப் போட்டவர் அவர். பாம்பு நடனம் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தைக் காப்பியடித்தவள் மேலும் அதே ஆண்டு வழக்குப் போட்டார். கதை சொல்லாத வெறும் அசைவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று நியூயார்க் நீதிமன்றம் கைவிரித்தது. சம்பளம் பெண் கைக்கு வந்துவிட்டது, ஆட்டம் அவளுக்குச் சொந்தமா என்பது அடுத்த சண்டை.

எனக்கு இவர்களைவிட மனதுக்கு நெருக்கமானவர்கள் கற்றுக் கொடுத்த பெண்கள். பாலே உலகின் மகாராணி மாரி டாலியோனி ஒரு பிரபுவைக் கட்டிக் கொண்டு சில ஆண்டுகளில் பிரிந்தவர். சேர்த்த பணம் கரைந்த பின் 1870களில் லண்டன் கன்னாட் சதுக்கத்தில் இருந்துகொண்டு, சீமான் வீட்டுப் பெண்களுக்கு எப்படிக் குனிந்து வணக்கம் சொல்வது, எப்படி நடப்பது, ஆடுவது என்று எழுபது வயதை ஒட்டிக் கற்றுக் கொடுத்தார். வியன்னாவிலிருந்து வந்த கட்டி லானர், வால்ட்ஸ் இசையமைப்பாளர் யோசஃப் லானரின் மகள், மூன்று பெண்களுக்குத் தாய். 1876இல் லண்டனில் தேசிய நடனப் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பை ஏற்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேடைக்குத் தயார் செய்தார். 1887 முதல் பத்தாண்டுகள் லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் தியேட்டரின் பாலே முழுதும் அவர் கையில். கூடத்தில் ஜொலிக்கும் ஒரே இரவுக் கதாநாயகியைவிட, கம்புடன் நின்று தாளம் தட்டி, மாதம் பிறந்தால் கட்டணம் வாங்கும் இந்தப் பெண்ணை ஒரு நாவலின் நடுவில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. 1894இல் அதே எம்பயருக்கு எதிராக லாரா ஆர்மிஸ்டன் சாண்ட் என்ற சீர்திருத்தவாதிப் பெண்மணி லைசன்ஸ் குழுவிடம் முறையிட்டார். தியேட்டருக்குள் பார்வையாளர்கள் உலவும் இடத்தில் விலைமாதர் வருவதையும் நடன உடையையும் அவர் கண்டித்தார். மறைப்புத் திரை கட்டினார்கள், அதைப் பிய்த்தெறிந்த கூட்டத்தில் இளைஞன் வின்ஸ்டன் சர்ச்சில் இருந்தான். லானரின் நடனப் பெண்களை யாராவது கேட்டார்களா என்றால் இல்லை. அவர்கள் சம்பளம் அந்தக் கதவு திறந்திருப்பதைப் பொறுத்தது.

இன்னொரு கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும், வீட்டுக் கதவு. 1840இல் காக்ரன் என்ற கணவன், பிரிந்து போன மனைவியைத் தந்திரமாக வரவழைத்து வீட்டில் பூட்டி வைத்தான். அவள் கணவனுக்குத் தெரியாத ஆட்களோடு முகமூடி நடனங்களுக்குப் போனவள் என்பது வழக்கில் பேசப்பட்டது. அவன் அவளை அடைத்து வைக்கலாம் என்றே நீதிபதி சொன்னார். நடனத்துக்குப் போன, பிறகு பூட்டி வைக்கப்பட்ட மனைவி கற்பனை அல்ல, சட்டப் புத்தகத்தில் இருக்கிறாள். இந்த நிலைமை ஐம்பது வருடம் நீடித்தது. 1891 மார்ச்சில் லங்காஷயரின் கிளிதெரோவில் எமிலி ஜாக்சன் என்ற பெண் தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது, அவள் சேர்ந்து வாழ மறுத்த கணவன் ஆட்களோடு வந்து வண்டியில் தூக்கிப் போய் அடைத்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவளை உடனே விடுவித்தது. மனைவியைச் சிறை வைக்கும் உரிமை எந்தக் கணவனுக்கும் கிடையாது என்றது.

ஆக 1890களில் வைத்த கதையின் நாயகி பட்டப்பகலில் முன்வாசல் வழியாகவே போகலாம். தன் பெயரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, வாசலில் பித்தளைப் பலகை மாட்டி, போல்காவும் பாவாடை நடனமும் சொல்லிக் கொடுக்கலாம். வரும் கட்டணம் அவளுடையது, அவளைப் பிடித்து இழுத்துப் போக அவனுக்கு உரிமை இல்லை. பிள்ளைகளைப் பற்றி 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. காதலனை மணக்க முடியுமா என்பதுதான் முடிச்சு. அவள் ஒருமுறை தவறினால் கணவன் விவாகரத்து வாங்கிவிடலாம். அவன் எத்தனை முறை தவறினாலும், கூடவே கொடுமை செய்தான் என்றோ கைவிட்டான் என்றோ அவள் நிரூபித்தாக வேண்டும். 1857இல் எழுதிய அந்த ஓரவஞ்சனை 1923 வரை நீங்கவில்லை.